நாலு சாண் கோணல்

அந்தக் கட்டடத்தில் கடவுளுக்கே நாள் ஒதுக்கித்தான் இடம். வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம்கள் தொழுவார்கள். சனிக்கிழமை காலையில் யூதர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பௌத்தர்கள் மெத்தை போட்டுக் கண்ணை மூடி உட்காருவார்கள். ஹால் ஒன்று, சமையலறை ஒன்று, செருப்பு விடுகிற தாழ்வாரமும் ஒன்றுதான். ஆளுக்கொரு கட்டடம் கட்ட யாராலும் முடியாமல், ஒரு காலத்தில் நூல் கிடங்காக இருந்த இதை நாலு கூட்டமும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாசத்தில் அடித்துக்கொள்வார்கள் என்று தெருவே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. பதினெட்டு வருஷம் ஆகியும் ஒரு சண்டை இல்லை. அதற்குக் காரணம் யார் என்று சாவியக்காவைக் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும், நான் கூட்டிப் பெருக்கறவ" என்பாள். தான்தான் காரணம் என்பதில் அவளுக்கு மனசுக்குள் துளி சந்தேகம் கிடையாது.

சாவியக்கா என்பது இடுப்பில் தொங்கிய முப்பத்தொரு சாவியால் வந்த பெயர். கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறையில் அவளும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். காகிதத்தில் பொறுப்பாளர் அவன். முகப்பில் மாட்டியிருந்த பலகையிலும் அவன் பெயர்தான். வேலை முழுக்க அவள் தலையில். அதைப் பற்றி அவள் குறைபட்டதில்லை. புருஷன் பெயர் இருந்தாலென்ன, கூப்பிடுவது தன்னைத்தானே என்று விட்டுவிட்டாள்.

வேலை என்றால் சாதாரண வேலையா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடைசி ஆள் செருப்பு மாட்டியதும் அவள் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குவாள். பதினாறு நீள விரிப்புகளை உருட்டி நீல அலமாரிக்குள் நிற்கவைக்க வேண்டும். ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். நூற்றெண்பது மடக்கு நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் பத்துப் பத்தாகக் கொண்டுவந்து, சனிக்கிழமைக்காரர்களின் வேத அலமாரி இருக்கும் சுவரைப் பார்க்கப் போட வேண்டும். மறுநாள் அவர்கள் போனதும் அத்தனையையும் மேடைப் பக்கம் திருப்பி, திரைக்குப் பின்னாலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் சிலுவையையும் மேஜையையும் வெளியே எடுக்க வேண்டும். செவ்வாய்க்கு நாற்காலி எதுவும் கண்ணில் படக்கூடாது. ஒருத்தர் சாமான் இன்னொருத்தர் நாளில் தலைகாட்டக்கூடாது, அதுதான் சட்டம். சமையலறைப் பாத்திரங்களின் அடியில்கூட நாலு நிறத்தில் பொட்டு. ஒரு கூட்டத்தின் கரண்டி இன்னொரு கூட்டத்தின் பானைக்குள் போகாது. பொட்டு இல்லாத பெரிய கெட்டில் ஒன்று மட்டும் பொது.

இதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது.

இருப்பதிலேயே கஷ்டமானது வெள்ளிக்கிழமை. தொழும் திசை அந்த ஹாலின் எந்தச் சுவருக்கும் நேராக அமையவில்லை. ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவே சாய்ந்து போனது. அதனால் தரையின் குறுக்கே ஒரு நீல நாடா ஒட்டியிருக்கும். முதல் விரிப்பின் விளிம்பு அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். கட்டடம் திறந்த புதிதில் அப்போதிருந்த இமாம் திசைகாட்டியோடு மண்டி போட்டு நின்று கோடு கிழித்தபோது, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது சாவியக்காதான். அவளுக்கு நாடாவே தேவையில்லை. சமையலறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், விரற்கடை கோணலும் அவள் கண்ணில் முள்ளாக உறுத்தும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் புருஷனுக்கு இடுப்புப் பிடித்தது. நாற்காலி வண்டியின் சக்கரம் வாசற்படியில் சிக்க, அவளுக்குக் கைகொடுக்க வந்து ஒரு எம்பு எம்பித் தூக்கினான். அன்று படுத்தவன் ஒரு மாசம் எழுந்திருக்கவில்லை. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் தம்பி கப்பல் வேலைக்காரன். வருஷத்தில் ஒன்பது மாசம் கடலில். தம்பி பெண்டாட்டி வாடகை அறையில் ஒற்றையாகத்தானே கிடக்கிறாள், இங்கே வந்து அக்காவுக்குக் கூடமாட இருக்கட்டும் என்று அவன்தான் யோசனை சொன்னான். சாவியக்காவும் சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள். பிற்பாடு அதை நினைத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வந்து சேர்ந்த சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் இன்னும் நல்லது, நாலு திட்டுத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவளோ சொல்வதற்கு முன்பே செய்தாள், சிரித்த முகமாகச் செய்தாள், போதாததற்கு ஒரு நோட்டும் வைத்திருந்தாள். காதில் பென்சில். எதைப் பார்த்தாலும் அளப்பாள், எழுதுவாள்.

"அக்கா, சனிக்கிழமை முதல் வரிசைக்கும் சுவருக்கும் எத்தனை அடி?"

"அதெல்லாம் அடி கிடையாதுடி. கண்ணால பாத்தா தெரியும்."

"எனக்குத் தெரியலையே அக்கா."

"பழகப் பழகத் தெரியும்."

"சரிக்கா. அதுவரைக்கும் எழுதி வச்சுக்கறேன்."

 சாவியக்கா அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மூன்றாவது மாசம் தாழ்வாரத்தில் யாரோ "சின்னக்கா!" என்று கூப்பிடுவது அவள் காதில் விழுந்தது. யாரடா அது புதுசாக என்று எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போதகர் நின்றுகொண்டிருந்தார்; சின்னவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.  ஐந்தாவது மாசம் இமாமின் மனைவி தன் கையால் பின்னிய கம்பளித் துண்டு ஒன்றைச் சின்னவளுக்குக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைக்காரர்கள், "நீங்களும் உக்காருங்களேன்" என்று அவளுக்கு ஒரு மெத்தை போட்டார்கள். ஒரு சனிக்கிழமை, டீக் கோப்பையை வாயில் வைத்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து, "இன்னிக்கு டீ யாரு போட்டது? அருமை!" என்றார்.

அன்றைக்கு மதியம் சாவியக்கா சாப்பாட்டுத் தட்டைப் புருஷன் முன்னால் வைத்த வேகத்தில் ரசம் தெறித்து அவன் சட்டையில் பட்டது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. டீயில இஞ்சியத் தட்டிப் போடறா உங்க தம்பி பொண்டாட்டி."

"போடட்டுமே. நல்லாத்தானே இருக்கு."

"நீங்களும் சொல்லிட்டீங்களா? பதினெட்டு வருஷம் என் கையால குடிச்சீங்க, இந்தக் கட்டடமே குடிச்சுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாருக்குன்னு ஒரு வாய் திறந்துச்சா?"

"நல்லா இல்லாட்டிதான்டி சொல்லுவாங்க. நல்லா இருந்தா எதுக்குச் சொல்லணும்?"

"அவளுக்கு மட்டும் எதுக்குச் சொல்றாங்க?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "புதுசுல்ல" என்றான்.

"நான் பழசு."

"நான் அப்படிச் சொன்னேனா? இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறவன்கிட்ட வந்து வம்பு வளக்கறியே! அவளைச் சந்தோஷமாக் கூப்பிட்டது நீதானே? கைக்கு உதவியா ஒருத்தி கெடைச்சிருக்கான்னு சந்தோஷப்படுவியா..."

"கைக்கு உதவியா வந்தவ என் தலையில ஏறி உக்காந்திருக்கா" என்றாள் சாவியக்கா.

உண்மையில் சின்னவள் யார் தலையிலும் ஏறவில்லை. அது சாவியக்காவுக்கும் தெரியும். தெரிந்திருந்ததால் எரிச்சல் இன்னும் அதிகமானது.

ஏழாவது மாசம் மேனேஜர் அவர்கள் இருவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டாள். நாலு கூட்டத்துக்கும் பொதுவாகச் சம்பளம் வாங்குகிற அம்மாள். கண்ணாடியைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு எதையும் சுருக்கமாகப் பேசுவாள். மேஜைமேல் சின்னவளின் நோட்டு திறந்து கிடந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம். நாற்காலி எங்கே, விரிப்பு எங்கே, எந்த அலமாரிக்கு எந்தச் சாவி, எல்லாம் கட்டம் போட்டு வரைந்திருந்தது.

"இத நகல் எடுத்து ஒவ்வொரு அலமாரிக் கதவுலயும் ஒட்டப்போறோம்" என்றாள் மேனேஜர். "எவ்வளவு வருஷமா பயந்துட்டு இருந்தேன் தெரியுமா? நாளைக்கே சாவியக்காவுக்குக் காய்ச்சல்னா என்ன பண்றதுன்னு. இனிமே கவலையில்ல. யார் வந்தாலும் பாத்துச் செஞ்சுடலாம்."

யார் வந்தாலும். சாவியக்கா அந்த இரண்டு வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 

"அப்புறம் இன்னொண்ணு. சாவியக்கா வீட்டுக்காரரால இனிமே வேலை பார்க்க முடியாது. பொறுப்பாளர் பேரை மாத்தியாகணும். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். நாலு கூட்டத்துப் பெரியவங்களும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க." மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "உங்க ரெண்டு பேர்ல யார் பேராவது ஒண்ணு. வீடு எப்படியும் உங்களோடதுதான், அதுல மாற்றம் இல்ல. பேருதான் கேள்வி."

அறையைவிட்டு வெளியே வந்ததும் சின்னவள், "உங்க பேருதான்க்கா போடுவாங்க. வேற யாரு?" என்றாள்.

"அவங்க பேச்சுல அப்படித் தெரியலையே."

"தெரியாம என்ன? நான் நேத்து வந்தவ."

நேற்று வந்தவள் முகத்தில் ஆசை இருந்ததா இல்லையா என்று சாவியக்கா உற்றுப் பார்த்தாள். கொஞ்சம் இருந்த மாதிரிதான் பட்டது. அன்றுமுதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பெயர் இருந்தபோது அந்தப் பலகையை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது தண்ணீர்க் குடத்தோடு போகும்போதும் வரும்போதும் அதைத்தான் பார்த்தாள். அதில் சின்னவள் பெயர் ஏறினால் தன்னால் அந்த வாசலில் கால் வைக்க முடியாது என்று தோன்றியது.

அந்த வாரம் ஹால் தரைக்கு மெருகு போட்டார்கள். பழைய நாடாக்களையெல்லாம் பிய்த்து எறிந்தாயிற்று. புதன்கிழமை தரை காய்ந்ததும் சின்னவள் நோட்டும் அளவு நாடாவுமாக மண்டி போட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினாள். நீலக்கோடு ஒட்டி முடித்ததும், "பாருங்கக்கா, சரியா இருக்கா?" என்று கேட்டாள். சாவியக்கா வாசலில் நின்று பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"ம்" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் சின்னவள் சோப்பு வாங்கக் கடைக்குப் போனாள். புருஷன் சுடுநீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்கினான். சாவியக்கா ஹாலுக்குள் வந்தாள். ஜன்னல் பக்கத்து முனையில் உட்கார்ந்து நகத்தால் நாடாவைக் கிள்ளி எடுத்தாள். புது ஒட்டு, சுலபமாக வந்தது. பாதி ஹால்வரை உரித்துக்கொண்டே போனாள். பிறகு முனையை நாலு சாண் தள்ளி வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். நடுவில் வளைவு தெரியாமலிருக்க மறுபாதியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கினாள். கோணலாக ஒட்டும்போதும் அவள் கை நேர்த்தியை விடவில்லை. 

அவள் போட்ட திட்டம் பெரிய திட்டமெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை சின்னவள் நாடாவைப் பார்த்து விரிப்பாள். வந்தவர்கள், என்ன இது கோணலாக இருக்கிறதே என்பார்கள். சாவியக்கா எங்கே, சாவியக்காவைக் கூப்பிடுங்கள் என்பார்கள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போய், ஒரு பார்வை பார்த்து, ஒரு இழுப்பில் சரிசெய்துவிடுவாள். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நோட்டு நோட்டுதான், ஆள் ஆள்தான் என்று தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சமையலறை வாசலில் டீக் கோப்பைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் காத்திருந்தாள். பதினாறு விரிப்பும் பதினாறு கோணலாகக் கிடந்தன. பார்க்கவே அவளுக்குக் கண் வலித்தது. ஆட்கள் வந்தார்கள். தையல்காரர் வந்தார், டாக்ஸி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் வந்தார்கள். பதினெட்டு வருஷமாக வருகிறவர்கள் வந்தார்கள். வந்து, விரிப்பு எப்படிக் கிடந்ததோ அப்படியே நின்றார்கள். இருநூறு பேரில் ஒரு புருவம்கூட உயரவில்லை. தொழுதார்கள், எழுந்தார்கள், செருப்பு மாட்டினார்கள்.

இமாம் போகிற போக்கில் சமையலறைப் பக்கம் வந்தார். நரைத்த தாடி, எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். "தரை கண்ணாடியா இருக்கே! கோடெல்லாம் புதுசா போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றாள் சின்னவள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா" என்றார்.

சாவியக்கா தட்டோடு உள்ளே திரும்பினாள். கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். புருஷன், "என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான்.

"ஏங்க, நான் போடற விரிப்பு நேரா இருக்குமா இருக்காதா?"

"இதென்ன கேள்வி? இழைச்ச மாதிரி இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்! நின்னு தொழறவங்களுக்கு. நான் கோணலா போட்டாலும் அப்படியேதான் நின்னிருப்பாங்க, இல்ல? பதினெட்டு வருஷமும்?"

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை அவள் பொறாமைப்பட்டது சின்னவளைப் பார்த்து மட்டும்தான். தன்னுடையதை எடுத்துச் சின்னவளுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். தன்னுடையது என்று எதுவுமே அவர்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. விரற்கடைக்கு விரற்கடை பார்த்துப் போட்டதெல்லாம் யாருக்காக? அழுகை வந்தது. ஆத்திரம் வந்து அழுகையைத் தள்ளிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் நாற்காலியை இழுத்த சத்தத்தில் கட்டடமே நடுங்கியது. சின்னவள், "உடம்பு முடியலையாக்கா? நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டது போலாயிற்று. நாடாவைத் திரும்ப நேராக்கிவிடலாம் என்று இரண்டு தடவை ஹாலுக்குப் போனாள். ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா என்ற குரல் காதில் விழுந்தது. கோணலோடேயே கிடக்கட்டும் என்று திரும்பி வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்க ஈரக் குடைகளும் சேறு அப்பிய செருப்புகளுமாக இருந்தன. ஆட்கள் நனையாமலிருக்கச் சீக்கிரமே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சின்னவள் கடைசி விரிப்பைக் காலால் நீவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான காகிதங்களோடு மேனேஜரும் இமாமும் ஹால் ஓரத்தில் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"சின்னக்கா வந்தப்புறம் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு" என்றாள் மேனேஜர். "பாருங்களேன், கோடு போட்ட மாதிரி!"

இமாம் தலையாட்டினார்.

சாவியக்கா பொறுத்தது அதுவரைதான். கெட்டிலை அடுப்பிலேயே விட்டுவிட்டு, ஈரக்கையோடு ஹாலுக்குள் வந்தாள்.

"எது கோடு போட்ட மாதிரி? கோணல்! ஒரு பக்கம் நாலு சாண் கோணல்! போன வாரமும் இப்படித்தான் கெடந்துச்சு. இருநூறு பேர் நின்னீங்களே, ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல? நான் போட்டாலும் இப்படித்தான் பாக்காம நின்னீங்களா இத்தனை வருஷமும்?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இமாம் விரிப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு டாக்ஸிக்காரர் போனை எடுத்துத் திசை பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஆமாங்க, கொஞ்சம் விலகித்தான் இருக்கு" என்றார்.

 சின்னவள் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தாள். அளவு நாடாவை இழுத்தாள். மேனேஜர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைப் பக்கத்து முனை சரியாக இருந்தது. ஜன்னல் பக்கம் நோட்டில் எழுதியிருந்தது பதினொன்றே கால் அடி. தரையில் எட்டே கால்.

"நோட்டுல சரியா இருக்கே" என்றாள் மேனேஜர். "அப்ப நாடாவை யாரோ மாத்தி ஒட்டியிருக்காங்க."

 சின்னவள் மண்டி போட்டபடியே நாடாவை விரலால் தடவிப் பார்த்தாள். அழுத்தித் தேய்த்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டியிருந்தது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒட்டுகிற கை ஒன்றுதான் உண்டு. மெல்லத் தலையைத் தூக்கிச் சாவியக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நான்தாங்க" என்றாள் இமாமிடம். "துடைக்கும்போது ஒரு பக்கம் கழண்டுச்சு. அளக்காம அவசரத்துல திருப்பி ஒட்டிட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லம்மா" என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள். "பாவம், வேணும்னா பண்ணுச்சு?" என்றார் தையல்காரர். மேனேஜர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "தப்பை இப்படி ஒத்துக்கிடறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றாள்.

சாவியக்கா பேசாமலிருந்திருக்கலாம். பேசாமலிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பெயர் அவளுடையது. கோணலைக் கண்டுபிடித்தவள் அவள், அளக்காமல் ஒட்டியவள் சின்னவள். அதற்குமேல் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது? கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டு நின்றது அதை அல்ல. அத்தனை பேரும் சின்னவளைப் பார்த்த பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு செய்ததாகச் சொல்லியும் அவளைத்தான் தாங்குகிறார்கள். நாலு சாணைக் கண்ணாலேயே பிடித்தவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொய்!" என்று கத்தினாள். "அவ சொல்றது பொய். நான்தான் மாத்தி ஒட்டினேன்."

"அக்கா..." என்றாள் சின்னவள்.

"நீ வாயை மூடு! டீயை எடுத்துக்கிட்ட, பேரை எடுத்துக்கிட்ட, இதையும் எடுத்துக்கலாம்னு பாக்கறியா? அளக்காம ஒட்டினாளாம், அவசரத்துல ஒட்டினாளாம்! பாருங்க அந்த நாடாவை, அவசரத்துல ஒட்டின மாதிரியா இருக்கு? இந்த ஹால்ல ஒரு கோடு கோணலா விழுந்துச்சுன்னா, அது நான் வேணும்னு போட்டதாத்தான் இருக்கும். தெரியாம கோணலா போடறவ இல்ல நான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.  சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

 பின்வாசலில் புருஷன் இடுப்பைப் பிடித்தபடி வந்து நிற்பதைப் பார்த்தாள். இமாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் இருக்கு" என்றார். "திருப்பிப் போட முடியுமா?"

விரிப்பைத் திருப்ப இரண்டு முனைக்கும் ஆள் வேண்டும். சின்னவள் சமையலறை முனைக்குப் போனாள். சாவியக்கா ஜன்னல் முனைக்குப் போனாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பதினாறு விரிப்பையும் இழுத்துப் போட்டார்கள். "இன்னும் கொஞ்சம்", "போதும்", "விடு" என்பதைத் தவிரப் பேச்சில்லை. எட்டாவது நிமிஷத்தில் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் இமாம் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். சாவியக்கா அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் தொழுதீங்களே... அது வீணாப் போயிடுச்சா?"

"தெரியாம திரும்பி நின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார். "தெரிஞ்சு திருப்பி வச்சது நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் இதைச் சொல்லாம இருக்க முடியாது, சாவியக்கா."

"சொல்லுங்க" என்றாள்.

உள்ளே சின்னவள் விரிப்புகளை உருட்டிக்கொண்டிருந்தாள். சாவியக்கா போய் மறுமுனையைப் பிடித்தாள். மூன்று விரிப்பை உருட்டி முடித்தார்கள். நாலாவதில் சின்னவள் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்க்கா?"

"பொறாமைடி. வேற என்ன?"

"எம்மேலயா? என்கிட்ட என்ன இருக்கு? புருஷன் மூஞ்சிய வருஷத்துல மூணு மாசம் பாக்கறேன். ஒண்டிக்கிட்டு இருக்கேன் உங்க வீட்ல."

"அதெல்லாம் தெரியும். தெரிஞ்சா மட்டும் எரியாம இருக்குமா?"

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும்தான் எரியுது. ஏழு மாசமா அளக்கறேன், எழுதறேன். நீங்க வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்து நாலு சாண்ங்கறீங்க. அளந்தா சரியா மூணு அடி! எப்படி இருக்கும் எனக்கு?" என்றாள். "இன்னொண்ணு சொல்றேன். பழியை உங்களுக்காக ஒண்ணும் ஏத்துக்கல. நல்லவள்னு சொல்லுவாங்கன்னுதான் ஏத்துக்கிட்டேன். சொன்னாங்கதானே? அதையும் கெடுத்துட்டீங்க."

"கெடுத்தேன்டி. நல்லாக் கெடுத்தேன்" என்றாள் சாவியக்கா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் விரிப்பை மட்டும் சேர்ந்து உருட்டி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நாலு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை முகப்பில் புதுப் பலகைக்கு ஆணியடிக்கிற சத்தம் கேட்டது. சாவியக்கா எட்டிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சாவி வளையத்தைக் கழற்றி, சின்னவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சமையலறை மேஜைமேல் வைத்தாள். இடுப்பில் அந்தக் கனம் இல்லாமல் நாள் முழுக்க ஏதோ ஆடை நழுவுவது போலவே இருந்தது. புருஷன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான்; "உங்க இடுப்பைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சின்னவள் தனியாகவே முதல் விரிப்பைப் போட்டாள். சாவியக்காவைக் கூப்பிடவில்லை. போட்டுவிட்டு, மண்டி போட்டு அளந்து, நோட்டைப் பார்த்து, எழுந்து நின்று சமையலறை வாசலைப் பார்த்தாள். சாவியக்கா அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை கண்ணை ஓட்டினாள். ஒரு விரற்கடை, அரை விரற்கடையாவது விலகியிருக்காதா என்று மனசார ஆசைப்பட்டுக்கொண்டே ஓட்டினாள். எங்கேயும் விலகவில்லை. வயிறு குபுகுபுவென்று எரிந்தது.

பதினெட்டு வருஷத்தில் அவளிடம் ஒருத்தரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

"சரியா இருக்குடி."

 சின்னவள் தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கப் போனாள்.